ஏழு பேர் வாடகைக்கு எடுத்த வீடு

தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்த அன்று, பள்ளிக்கூட மணியும் சத்துணவு ஸ்டோர் சாவியும் மட்டும்தான் என் பொறுப்புக்கு வரும் என்று நினைத்தேன். மேஜை இழுப்பறையைத் திறந்தால் இன்னொரு சாவிக்கொத்து கிடந்தது. இது எதற்கு என்று கேட்டேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், "நம்ம பள்ளிக்கூடமும் வாடகைக்கு வுட்டிருக்கற வூட்டுக்காரங்கதான் டீச்சர். குழாய் ஒழுவுது, ஓடு ஒடைஞ்சிடுச்சின்னு யார் வந்தாலும் இனிமே நீங்கதான் பதில் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு, ஓய்வு பெற்ற நிம்மதியோடு கிளம்பிப் போனார்.

கள்ளக்குறிச்சியில் எங்களுடையது ஒரு சின்ன டிரஸ்ட் நடத்தும் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி. சம்பளம் அரசு கொடுக்கும். உடைந்த பெஞ்சையும் ஒழுகும் கூரையையும் யார் பார்ப்பது? அதற்காகவே ரோட்டைப் பார்த்த மதிலில் மூன்று கடைகளைக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார்கள். பின்னால் மைதானத்தின் ஓரத்தில் ஒரு ஓட்டு வீடு. ஒரு காலத்தில் வாத்தியார்கள் தங்க எழுப்பியது. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, வெளியே ஒரு குழாய். எனக்கு வந்த தலைவலியெல்லாம் கடைகளால் வந்தது. சந்தோஷமெல்லாம் அந்த வீட்டால் வந்தது.

கல்வராயன் மலையில் ஒரு ஊரைச் சேர்ந்த ஏழு குடும்பங்கள் சேர்ந்து அந்த வீட்டை எடுத்திருந்தன. பிள்ளைகள் கீழே வந்து எங்களிடம் படிக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஏழு குடும்பமும் மலையை விட்டு இறங்கிவிட முடியாது; சாமைக் கொல்லையை யார் பார்ப்பது, மாட்டை யார் கட்டுவது? அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். வாரத்துக்கு ஒரு அம்மா. ஞாயிற்றுக்கிழமை மதியம் வெள்ளிமலை பஸ்ஸில் ஒருத்தி அரிசியோ கேழ்வரகோ கட்டிக்கொண்டு வந்து இறங்குவாள். போன வாரத்துக்காரி அதே பஸ்ஸில் ஏறிப் போவாள். இறங்கியவள் ஒரு வாரத்துக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் அம்மா. சமைப்பாள், எண்ணெய் வைத்துத் தலை வாருவாள், வீட்டுப் பாடம் எழுதாதவனை எழுதப் படிக்கத் தெரியாமலேயே மிரட்டி எழுத வைப்பாள். இந்த ஏற்பாட்டை முதல் தடவை கேட்டபோது, டவுனில் பக்கத்து வீட்டுக்காரியிடம் காப்பிப்பொடி கடன் கேட்கவே யோசிக்கிற எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏழு பேரில் ஒருத்தி இறந்துபோனாள். மஞ்சள் காமாலை; மலையிலிருந்து கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் முற்றிவிட்டது. அப்போது அவளுடைய மகள் எங்களிடம் ஒன்றாம் வகுப்பில் இருந்தாள். அப்பன் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போகிறவன். மனைவி போன பிறகு அவன் மலைக்கு வருவது இன்னும் குறைந்துவிட்டது. பொங்கலுக்கு வருவான், ஆடியில் வருவான், மகளுக்கு ஒரு கவுன் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவான். அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பெண்ணை வீட்டிலிருந்து யாரும் எடுக்கவில்லை. அவளுடைய அம்மாவின் வாரத்தையும் எடுக்கவில்லை. முறை சுற்றி வரும்போது அந்த ஏழாவது வாரத்தில் மற்ற ஆறு பேரில் ஒருத்தி வந்து தங்குவாள். ஆனால் அதைத் தன் வாரம் என்று சொல்ல மாட்டாள். "இன்னா, இப்பதான போன? மறுபடி வந்துட்ட?" என்று நான் கேட்டால், "இது அவ வாரங்க டீச்சர். நான் சும்மா வந்தேன்" என்பாள். செத்துப்போனவளுக்கு ஏழு வாரத்துக்கு ஒரு தடவை முறை வந்துகொண்டே இருந்தது. இதைப் பெரிய தியாகம் என்றெல்லாம் அவர்கள் நினைக்கவில்லை. வாரம் இருந்தால் பிள்ளைக்கு அந்த வீட்டில் இடம் இருக்கும். அது அவர்கள் கணக்கு.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த வண்டியைக் குடை சாய்த்தது ஒரு செல்போன் கடை.

மதில் கடைகளில் ஒன்றை ஒருவர் வாடகைக்கு எடுத்து, எங்களுக்குத் தெரியாமல் வேறொருவருக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். கேட்டால் நான்தான் நடத்துகிறேன் என்பார். காலி செய்யச் சொன்னால் முடியாது என்றார். எங்கள் டிரஸ்ட் செயலாளர் வக்கீல். நல்ல மனுஷர், ஆனால் ஒரு தீக்குச்சி உரசுவதானாலும் அதற்கு ஏதாவது சட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உரசுவார். அவர் வாடகை அதிகாரியிடம் போனார். உங்கள் ஒப்பந்தம் எங்கே, அதன் பதிவு எண் எங்கே என்று கேட்டிருக்கிறார்கள். எங்களிடம் ஏது? வெற்றிலை பாக்கு மாற்றி, கையைப் பிடித்துக் குலுக்கி விட்ட கடை. புதிய வாடகைச் சட்டத்தில் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். அது இல்லாமல் அங்கே வந்து வழக்குச் சொல்ல முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் ஊர்ப் பெரிய மனிதர்களை வைத்துப் பேசி, கெஞ்சிக் கூத்தாடித்தான் அந்தக் கடையை மீட்டோம்.

சூடு கண்ட செயலாளர் கமிட்டியைக் கூட்டினார். "பள்ளிக்கூடமா இருந்தாலும் இன்னா, வாடகைக்கு வுட்டா நாம வூட்டுக்காரங்கதான். அரையாண்டுப் பரீட்சைக்குள்ள எல்லாரும் எழுத்துல வரணும். வராதவங்க காலி பண்ணணும்."

நாம் அறக்கட்டளை ஆயிற்றே, நமக்கு விலக்கு இருக்காதா என்று கேட்டேன்.

"அரசாங்கம் அறிவிச்ச நிறுவனங்களுக்குத்தான் டீச்சர் வெலக்கு. நம்ம பேரு அதுல இல்ல" என்றார். இதையும் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தார்.

அன்றைக்குச் சாயந்திரம் அந்தச் சட்டத்தின் தமிழ்ப் பிரதியை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்து படித்தேன். எனக்குக் கோபம் வந்தால் படிப்பேன். படிக்கப் படிக்கக் கோபம் குறைந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், அது ஒன்றும் கெட்ட சட்டம் இல்லை. குடியிருப்பவர்களுக்குத் தண்ணீரையும் கரண்ட்டையும் நிறுத்தக் கூடாது என்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது எங்கள் வேலை, குழாய்க்கு வாஷர் மாற்றுவது அவர்கள் வேலை என்று பிரித்துப் போட்டிருக்கிறது. இத்தனை நாளாக வாஷரும் நான்தான் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் வீட்டைப் பார்வையிட வேண்டுமென்றால் ஒரு நாள் முன்பே எழுதித் தெரிவித்துவிட்டுத்தான் நுழைய வேண்டுமாம். அதைப் படித்ததும் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ரசம் வாசனை வந்தால் தட்டோடு நுழைகிற வீட்டுக்காரி நான்.

கடைக்காரர்கள் இரண்டு பேரும் தாராளமாகக் கையெழுத்துப் போட்டார்கள். மீட்ட கடைக்கும் புதிய ஆள் வந்து போட்டார். வீட்டில்தான் சிக்கல்.

"வாடகைக்கு எடுத்தவங்க யாரோ அவங்களைக் கூட்டிக்கிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினேன். ஒருத்தி வந்தாள். பெயர், ஆதார், போட்டோ எல்லாம் கொடுத்தாள். டைப் செய்து வைத்தோம். பத்திரம் வாங்கி வர ஒரு வாரம் ஆனது. கையெழுத்துக்குக் கூப்பிட்டால் வேறொருத்தி வந்து நின்றாள்.

"போன வாரம் பேர் குடுத்தவங்க எங்கம்மா?"

"அவ ஊருக்குப் போயிட்டாங்க. இந்த வாரம் நானு."

செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் பெயரில் மறுபடி டைப் செய்யச் சொன்னார். நடுவில் இரண்டு நாள் மழை. ஆபீஸ் கம்ப்யூட்டர் மக்கர் செய்தது. அடுத்த தடவை மூன்றாவது ஒருத்தி வந்தாள். யாரும் எங்களை ஏமாற்றவில்லை. வாடகைக்கு இருப்பவர் யார் என்று கேட்டால், அவர்களைப் பொறுத்தவரை அந்த வாரம் இருப்பவள்தான். நாங்கள்தான் தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"டீச்சர், ஒருத்தர் பேர்ல போடலாம்னா மத்தவங்க எல்லாரும் உள்வாடகை ஆயிடுவாங்க. செல்போன் கடைக்காரன் பண்ணதுக்கும் இதுக்கும் காகிதத்துல ஒரு வித்தியாசமும் கெடையாது" என்றார் செயலாளர். அதைச் சொல்லும்போது அவருக்கே கஷ்டமாக இருந்தது.

அவரே ஒரு வழியும் கண்டுபிடித்து வந்தார். வேலை செய்கிறவருக்கு வேலையோடு சேர்த்துக் கொடுக்கும் வீட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அதனால் அந்த அம்மாக்களில் ஒருத்தியைப் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வைத்துக்கொண்டு வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டால் போயிற்று. அவள் நிரந்தரமாகத் தங்கிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். எனக்கு அது பிரமாதமான யோசனையாகப் பட்டது. அந்த வாரத்து அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அந்த அம்மாக்களில் மூத்தவள் அவள்தான். பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தவள் குழலைக் கீழே வைத்தாள். "அப்ப மத்தவங்க?"

"மத்தவங்களுக்குக் கஷ்டம் இல்லம்மா. மலையிலேயே இருக்கலாம். அலைய வேணாம்."

"எம் புள்ளைய நான் எப்பங்க பாக்கறது?"

அவளே மேலே பேசினாள்.

"சோறாக்கிப் போடறதுக்கா டீச்சர் நாங்க வர்றோம்? சோறு யாரு வேணா ஆக்கலாம். எனக்கு எம் பையன் ஏழு வாரத்துக்கு ஒரு வாட்டிதான் பக்கத்துல படுக்கறான். அதையும் ஒருத்திக்கே குடுத்துட்டா நாங்க இன்னாத்துக்குங்க?"

இத்தனை வருஷமாக நான் அதை ஒரு வேலைப் பங்கீடு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது அவர்கள் பிள்ளையோடு இருக்கும் நேரம். செயலாளரிடம் போய், உங்கள் யோசனை வேண்டாம், வேறு பாருங்கள் என்றேன். வக்கீலிடம் அப்படிப் பேசக் கூடாதுதான். ஆனால் அவரும் சட்டப் புத்தகத்தை ஒரு தடவை புரட்டிவிட்டு, "அப்ப ஏழு பேரையும் போட்டுடலாம். சட்டத்துல தடை இல்ல. ஏழு பேரும் வாடகைதாரர்" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

அங்கேதான் ஏழாவது பெயர் வந்து இடித்தது.

உயிரோடு இருப்பது ஆறு பேர். ஆறு பேர் கையெழுத்துப் போட்டால் ஆறு குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கலாம். கையெழுத்துப் போடாதவர்கள் வீட்டுப் பிள்ளை அங்கே தங்கினால், அது வாடகை வீடு இல்லை, ஆஸ்டல் என்று யாராவது கிளப்பிவிடலாம். ஆஸ்டலுக்கு வேறு லைசென்ஸ், வேறு கட்டிடம், வேறு ஆயிரம் விதி. கமிட்டியில் இரண்டு பேர் இதில் பிடிவாதமாக நின்றார்கள். மூத்தவள் கேட்டவுடன், "எம் பொண்ணுன்னு எழுதிக்கோங்க டீச்சர், யாரு கேக்கப் போறா" என்றாள். ஆதாரில் அப்பன் பெயர் இருக்கிறதே! பொய் எழுதி வைத்தால் நாளைக்கு எல்லாருக்கும் சேர்த்து ஆபத்து. அப்பன் என்று ஒருவன் உயிரோடு இருக்கும்போது அவன்தான் வந்து போட வேண்டும்.

அந்தப் பெண் அப்போது மூன்றாம் வகுப்பு. அதிகம் பேசமாட்டாள். கணக்கில் கெட்டி. எட்டாம் வாய்ப்பாட்டைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னாலும் சொல்வாள். நான் கணக்கு டீச்சர். அதனால் அவள்மேல் எனக்குக் கூடுதல் பாசம். பாரபட்சம்தான், இருக்கட்டும். அவளை அந்த வீட்டை விட்டு அனுப்ப எனக்கு மனசில்லை.

கேரளாவுக்குப் போன் போட்டோம். தோட்டத்தில் சிக்னல் கிடைக்காமல் மேஸ்திரியிடம் சொல்லி, அவர் சொல்லி, ஒரு வழியாக அவன் வந்து சேர்ந்தான். ஒல்லியான ஆள். என் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். கையில் ஒரு புதுத் துணிப்பை. மடிப்புக்கூடக் கலையவில்லை. உள்ளே ஒன்றும் இல்லை. அது எதற்கென்று எனக்குப் புரிந்துவிட்டது.

"கூட்டிக்கினு போயிடறேங்க டீச்சர். இத்தினி நாள் பாத்துக்கினீங்க. அங்க தோட்டத்துல கூலியாளுங்களுக்கு லைன் வூடு குடுத்துக்கீறாங்க. எங்கூட இருப்பா."

"அங்க எந்தப் பள்ளிக்கூடத்துல சேப்பீங்க?"

அவன் கையிலிருந்த பையைப் பார்த்தான். நான் விடவில்லை. காலையில் நீங்கள் தோட்டத்துக்குள் போனால் சாயந்திரம்வரை இந்தப் பெண் யாரோடு இருப்பாள், மூன்றாம் வகுப்பில் நிறுத்துவதற்கா அவள் அம்மா இங்கே கொண்டுவந்து சேர்த்தாள் என்று ஏறிப் போய்விட்டேன். குரல் அடுத்த வகுப்புவரை கேட்டிருக்கும். அவன் தலையைக் குனிந்துகொண்டே நின்றான். திட்டு வாங்கிப் பழகிய ஆளிடம் குரலை உயர்த்துகிறோமே என்று எனக்கே பாதியில் உறைத்தது. உட்காரச் சொல்லி டீ வரவழைத்தேன்.

"நீங்க இங்கயே கையெழுத்துப் போட்டா போதும். பொண்ணு இருக்கலாம். எங்கயும் கூட்டிக்கிட்டுப் போக வேணாம்" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நான் எப்படிங்க போடறது? அது பொம்பளைங்க எடுத்த வூடு. எனக்கு அங்க வாரம் கெடையாதுங்களே."

வாரம் இல்லாதவனுக்கு எப்படிப் பெயர் இருக்கும் என்று அவன் கேட்டது எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. வெறும் கையெழுத்துதானே என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது, மூத்தவள் அந்தப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவள் வாரம் அது இல்லை. அப்பன் வருகிறான் என்று கேள்விப்பட்டு மலையிலிருந்து அதற்காகவே இறங்கி வந்திருந்தாள். பெண்ணின் கையில் அவளுடைய புத்தகப்பை இருந்தது. பையை அப்பன் காலடியில் வைத்துவிட்டு, "அங்க டீச்சர் இருப்பாங்களாப்பா?" என்று கேட்டாள். அழுகையில்லை, அடம் இல்லை. மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டாள். அவன் அந்தக் காலித் துணிப்பையை மடித்து மடித்துக் கைக்குள் அடக்கிக்கொண்டான்.

மூத்தவள் அவனைப் பார்த்து, "பேரு போடறியா?" என்றாள்.

"போடறேன் அண்ணி. ஆனா நீங்க இன்னா சொல்லுவீங்களோன்னு..."

"பேரு போட்டா வாரம் செய்யணும். ரெண்டு வருசமா அவ வாரத்த நாங்க செஞ்சோம், செத்தவளால வர முடியாதுன்னு. நீ உயிரோடதான இருக்க? கைநாட்டு வெச்சிட்டு மெளகு பறிக்கப் போயிடலாம்னு நெனைக்காத. வாரம் செய்யாதவனுக்குப் பேரும் இல்ல."

கிடைத்த கையெழுத்தையும் இவள் கெடுத்துவிடப் போகிறாளே என்று குறுக்கே போனேன். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லையம்மா, அவர் எங்கே இருந்தாலும் பரவாயில்லை என்று சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

கேரளாவில் மேஸ்திரி ஏழு வாரத்துக்கு ஒரு தடவை லீவு கொடுக்க மாட்டார். அந்த வேலையை விட்டால் இங்கே கரும்பு வெட்டுக்குத்தான் போக வேண்டும்; கூலி கம்மி. இதையெல்லாம் அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை. "எனக்குச் சோறாக்கத் தெரியாது அண்ணி" என்று மட்டும் சொன்னான்.

"நாங்க மட்டும் பொறக்கும்போதே ஆக்கிக்கினா பொறந்தோம்?" என்றாள் அவள்.

அரையாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்த வாரத்தில் ஆறு அம்மாக்களும் அவனுமாக ஏழு பேரும் வந்தார்கள். ஒரே நாளில் அத்தனை அம்மாக்களும் அந்த வீட்டில் சேர்ந்திருந்ததை நான் பார்த்ததே இல்லை. பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. பரீட்சை முடிந்து எந்த அம்மாவிடம் ஓடுவது என்று தெரியாமல், பழக்கத்தில் வேறொருத்தியைப் போய்க் கட்டிக்கொண்டவர்களும் உண்டு. செயலாளர் பத்திரத்தை உரக்கப் படித்தார். படித்துக் காட்டியபின்தான் கையெழுத்து வாங்குவார். அந்த விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. "மேற்படி வாடகைதாரர்கள் எழுவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவார்கள்" என்று ஒரு வரி வந்தது. அப்படியென்றால் என்ன என்று மூத்தவள் கேட்டாள்.

"ஒருத்தர் செய்யலன்னா மத்தவங்க செய்யணும். யார் ஒருத்தரக் கேட்டாலும் முழுசுக்கும் அவங்க பதில் சொல்லணும்" என்றார்.

"இதத்தானங்க நாங்க செஞ்சிக்கினு இருக்கோம்? இத எழுதறதுக்கா இத்தினி நாளு?"

செயலாளர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். வாடகைதாரர்கள் தங்களுக்குள் வாரமுறை வைத்துத் தங்கிக்கொள்ளலாம், அதற்குப் பள்ளி நிர்வாகம் சம்மதிக்கிறது என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். அதை எங்கேயாவது முன்மாதிரி பார்த்து எழுதினீர்களா சார் என்று கேட்டேன். இல்லை டீச்சர், நானே எழுதினேன் என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்.

கொஞ்ச நாளில் பதிவு எண் வந்தது. அவன் கேரளா வேலையை விட்டுவிட்டுக் கரும்பு வெட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தான். பொங்கல் கழிந்து அவன் வாரம் வந்தது.

எனக்கு நிம்மதியே இல்லை. ஒரு ஆண், ஏழு பிள்ளைகள். வாட்ச்மேன் பெண்சாதியிடம், அந்த வாரம் ராத்திரியில் பிள்ளைகளோடு உள்ளே படுத்துக்கொள்ளச் சொல்லி ஏற்பாடு செய்தேன். அவன் அதற்கு முன்பே வாசலுக்கு வெளியே பாய் போட்டுக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை சாயந்திரம் என்ன லட்சணத்தில் சமைக்கிறான் என்று பார்க்கப் போனேன். வாசலில் நின்று, "உள்ள வரலாமா? சட்டப்படி நேத்தே எழுதிக் குடுத்திருக்கணும்" என்றேன். விளையாட்டுக்குச் சொன்னது அவனுக்குத் தெரியவில்லை. கரண்டியோடு எழுந்து நின்றுவிட்டான்.

சோறு குழைந்து கஞ்சியாகியிருந்தது. குழம்பில் புளி ஜாஸ்தி. எட்டாம் வகுப்புப் பையன் முகத்தைச் சுளித்தான். அந்தப் பெண் தட்டு வைத்து, தண்ணீர் வைத்து, எல்லாருக்கும் தானே பரிமாறினாள். வேண்டாம் என்றவர்களுக்கும் இன்னொரு கரண்டி போட்டாள். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாக இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன், அவளுக்காகச் சொன்னேன்.

வியாழக்கிழமை வாக்கில் சோறு பதமாக வந்தது. வகுப்பில் அவளுடைய பேச்சுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பேசியதற்காக அவளை ஒரு டீச்சர் எழுப்பி நிற்க வைத்தார் என்று கேள்விப்பட்டு எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பஸ் ஸ்டாண்டுக்கு எனக்கும் வேலை இருந்தது. அக்கா பேரன் சின்னசேலத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். வெள்ளிமலை பஸ் நின்றிருந்தது. அடுத்த வாரத்து அம்மா இறங்கி, மூட்டையை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அவன் ஏறிப் படியில் நின்றான். கீழே மகள்.

அந்த இடத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதோ ஒரு பிள்ளை அழும். அம்மாவின் வாரம் முடிந்து அவள் பஸ் ஏறும்போது, எட்டாம் வகுப்புத் தடியன்கூட மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பான். அம்மா செத்த பிறகு இந்தப் பெண் மட்டும் அழுது நான் பார்த்ததில்லை. தைரியசாலி என்று ஸ்டாஃப் ரூமில் புகழ்ந்திருக்கிறோம். நானும் புகழ்ந்திருக்கிறேன். அவளுடைய அம்மா வாரம் முடியும்போது பஸ்ஸில் ஏறிப் போக அவளுக்கென்று யாரும் இல்லை என்பது, அந்த மதியம்வரை என் மண்டையில் ஏறவில்லை.

வண்டி உறுமியதும் அவள் முகம் கோணியது. அடுத்த நிமிஷம் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு கத்தல். "போவாதப்பா! போவாதப்பா!" படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விக்கி, இருமி, மூக்கு ஒழுக, மற்ற எல்லாப் பிள்ளைகளையும் போல, அவர்களைவிடவும் பலமாக அழுதாள். அவன் கீழே இறங்கி அவளைத் தூக்கிக்கொண்டான். அவனும் அழுதுகொண்டிருந்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். "ஏம்மா, கொழந்தைய வாங்குங்க, டைம் ஆவுதில்ல?"

"இருய்யா" என்று நான் அதட்டினேன். "கொஞ்ச நேரம் அழட்டும்."